விரதப் பாத்திரமும் பைத்தானும்

தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் தொடங்கியதும், மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டில் அம்மா பரணிலிருந்து தனியாக ஒரு செட் பாத்திரம் இறக்குவார். அடுப்பு அதேதான். மீன் சமைத்த சட்டி மட்டும் அந்தப் பக்கம் வராது. பைத்தான் நிரல்மொழியில் ‘வென்வ்’ என்கிற தனிச்சூழலும் இதே ஏற்பாடுதான்.

அதன் அருமை எனக்குப் பட்ட பிறகே தெரிந்தது. கோயில் நன்கொடைக் கணக்குக்காக நான் எழுதிய செயலி, இணையச் செயலிகள் எழுத உதவும் பைத்தான் தொகுப்பான ஜாங்கோ 3.2-இல் ஓடிக்கொண்டிருந்தது. காவடி எடுப்பவர்களின் பெயரைப் பதிய அதே சர்வரில் இன்னொன்றை ஏற்றினேன். அது ஜாங்கோ 4 கேட்டது. தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப், பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டது. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்வரை ரீஸ்டார்ட் செய்தபோதுதான் கணக்குச் செயலி எழவில்லை. அது நம்பியிருந்த ‘யூஆர்எல்’ ஃபங்ஷன் 4.0-இல் நீக்கப்பட்டிருந்தது. ஒரே இடத்தில் ஒரு தொகுப்புக்கு ஒரு பதிப்புதான் இருக்க முடியும்.

வென்வ் 2012-இல் பைத்தான் 3.3-உடனேயே சேர்ந்து வந்தது. அது உருவாக்கும் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், அவ்வளவு எளிமை! லினக்ஸில், அசல் பைத்தானைச் சுட்டும் ஓர் இணைப்பு. தொகுப்புகள் போய்ச் சேரும் ‘சைட் பேக்கேஜஸ்’. சில வரிகளே உள்ள ஓர் அமைப்புக் கோப்பு. பைத்தான் எழும்போது தன் பக்கத்திலோ ஒரு படி மேலேயோ அந்தக் கோப்பைத் தேடுகிறது. கிடைத்தால், மொழியோடு வரும் அடிப்படை நூலகத்தை அசல் இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு, மற்றத் தொகுப்புகளுக்கு இந்த ஃபோல்டரையே நாடுகிறது.

ஆக, எந்தப் பைத்தானை எழுப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘ஆக்டிவேட்’ செய்தே ஆகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். டெர்மினலில் நாம் தட்டும் கட்டளையை முதலில் இந்த ஃபோல்டரில் தேடவைப்பதுதான் அதன் முக்கிய வேலை. சர்வரில் அது வேண்டாம்; சர்வரில் செயலிகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் கோப்பில், நம் செயலியை ஓட்டுவதற்காகச் சூழலுக்குள் இருக்கும் குனிகார்னின் முழுப் பாதையை எழுதினால் போதும். குனிகார்ன் கோப்பின் முதல் வரியிலும் பைத்தானின் முழுப் பாதை பதிந்திருக்கும். ஃபோல்டரை வேறிடத்துக்கு நகர்த்தினால் உடைவது அதனால்தான். தொகுப்புகளைப் பதிப்பு எண்ணோடு பட்டியலிட்டு வைத்து, புது இடத்தில் புதிதாகக் கட்டுங்கள்.

2023-இல் வந்த டெபியன் 12 என்கிற லினக்ஸ் இயங்குதளம், தன்னோடு வரும் சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் நேரடியாக நிறுவுவதையே மறுக்கிறது. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகளும் அந்தப் பைத்தானை நம்பியிருப்பதால் எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

இப்போது கணக்குக்கு ஒன்று, காவடிக்கு ஒன்று. ஆனால் அடுப்பு இன்னும் பொதுதான்: சர்வரின் பைத்தான் 3.11-இலிருந்து 3.13-க்குப் போகும் நாளில் இரண்டு சூழலையும் திரும்பக் கட்டவேண்டும்.