நாற்பது பெட்டிக்கும் ஒரே பெயர்

ஒரு தொழிற்சாலையில் 40 கேட்வே பெட்டிகளை (இயந்திரங்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் சிறு லினக்ஸ் கணினிகள்) மாட்டிவிட்டு வந்த மறுவாரமே போன். "சார், ஏதோ ஒரு பெட்டி அடிக்கடி ரீபூட் ஆகுது. எதுன்னு தெரியல." எல்லாப் பெட்டிகளின் நிகழ்வுப் பதிவுகளும் வந்து சேரும் லாக் சர்வரைத் திறந்தேன். வரிக்கு வரி தேதி, நேரம், அடுத்து 'பில்ட்ரூட்'. நாற்பதும் அதே பெயரில் லாக் அனுப்பிக்கொண்டிருந்தன. நடுவில் லாக்குகளை வாங்கித் தன் முகவரியிலிருந்து அனுப்பும் ஒரு ரிலே இருந்ததால் ஐபி முகவரியும் கைகொடுக்கவில்லை. பெட்டி பெட்டியாக லேப்டாப்பைச் செருகிப் பார்த்தே கண்டுபிடித்தோம். மூன்று நாள் போயிற்று.

பெட்டிக்கான லினக்ஸ் இமேஜை (பெட்டியில் ஏற்றும் முழு மென்பொருள் தொகுப்பை) உருவாக்கும் கருவி பில்ட்ரூட். அதில் நாம் மாற்றாவிட்டால் ஹோஸ்ட்நேம் (நெட்வொர்க்கில் பெட்டியின் பெயர்) 'பில்ட்ரூட்' என்றே இருக்கும். அதன் அமைப்பு மெனுவான மெனுகான்ஃபிக்கில் ஒரே வரியில் மாற்றிவிடலாம். அதே வேலைக்கான இன்னொரு கருவியான யோக்டோவில் மெஷின் (போர்டு வகை) பெயரே ஹோஸ்ட்நேம் ஆகிவிடும். மாற்ற வேண்டுமென்றால் பேஸ்-ஃபைல்ஸ் ரெசிபிக்கான (ஒரு பேக்கேஜை உருவாக்கும் குறிப்பு) ஹோஸ்ட்நேம் வேரியபிளை டிஸ்ட்ரோ கான்ஃபிக்கில் (குழு முழுவதும் பகிரும் அமைப்புக் கோப்பு) எழுதுங்கள். லோக்கல் கான்ஃபில் எழுதினால் அது உங்கள் கணினியோடு நின்றுவிடும். 2021 அக்டோபரில் வந்த யோக்டோ 3.4 பதிப்பிலிருந்து அந்த வரியில் ரெசிபி பெயருக்கு முன் அடிக்கோடு (_) போய் முக்காற்புள்ளி (:) வந்துவிட்டது. பழைய வரியை அப்படியே ஒட்டினால் பில்ட் எந்தப் புகாரும் இல்லாமல் முடியும், பெயர் மட்டும் மாறாது.

சரி, இமேஜில் வைப்பது மாடலின் பெயர்தான். பெட்டிக்கான பெயரைப் பெட்டியே பூட் ஆகும்போது வைத்துக்கொள்ள வேண்டும். மேக் முகவரியின் (நெட்வொர்க் கார்டின் தனி எண்) கடைசி ஆறு இலக்கத்தைச் சேர்த்து 'கேட்வே-402917' என்பதுபோல வைக்க ஒரு சின்ன சர்வீஸ் போதும். அது நெட்வொர்க்குக்கு முன்னால் ஓட வேண்டும். ஐபி முகவரி கேட்கும் டிஹெச்சிபி கோரிக்கையிலேயே இந்தப் பெயர் போகலாம் என்பதால்தான். ஒவ்வொரு பூட்டிலும் கணக்கிட்டால் ரூட் ஃபைல்சிஸ்டம் (முதன்மைக் கோப்பமைப்பு) எழுத முடியாத ரீட்-ஒன்லியாக இருந்தாலும் சிக்கலில்லை. பெயரில் ஆங்கில எழுத்து, எண், நடுக்கோடு தவிர வேறெதுவும் வேண்டாம். அடிக்கோடு கூடவே கூடாது. லினக்ஸ் 64 எழுத்து வரை ஏற்கும், பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் 63-இல் நின்றுவிடும்.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். மேக் முகவரி நிரந்தரமாகப் பதிக்கப்படாத சில போர்டுகள் ஒவ்வொரு பூட்டிலும் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பெயரும் கூடவே மாறும். அங்கே சிபியுவின் சீரியல் எண்ணை எடுங்கள். அப்புறம், இமேஜுக்குள் தொலைவிலிருந்து நுழையும்போது பெட்டியை அடையாளம் காட்டும் எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீயும், சிஸ்டத்தின் தனி அடையாளமான மெஷின் ஐடியும் உருவாகிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். அவையும் பெட்டிக்குப் பெட்டி வேறாக, முதல் பூட்டில் பிறக்க வேண்டியவை.

இப்போது அதே ஆறு இலக்கத்தை ஸ்டிக்கரில் அச்சடித்துப் பெட்டியின் முகப்பில் ஒட்டுகிறோம். போன வாரம் அதே ஆபரேட்டர் அழைத்தார்: "சார், 402917 ரீபூட் ஆகுது."