கெடு முடிந்தது, வேலையோ தொடங்கவே இல்லை

“டிஸ்க் நன்றாக இருக்கிறது, கேபிளும் சரி. பிறகு ஏன் விர்ச்சுவல் மெஷின் மட்டும் எப்போதாவது கெர்னல் பேனிக் ஆகி விழுகிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். விர்ச்சுவல் மெஷின் என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி. இயங்குதளத்தின் மையமான கெர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுவிடுவதுதான் பேனிக். காரணங்கள் பல இருக்கலாம். அவற்றில் ஒன்றை 2022-இல் லினக்ஸில் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு நிரல் கோப்பைப் படிக்கக் கேட்டால், கெர்னலில் டிஸ்க் வேலைகளைக் கவனிக்கும் பிளாக் அடுக்கு அதை ஒரு ரிக்வெஸ்ட் ஆக்கி டிரைவரிடம், அதாவது அந்த வன்பொருளை இயக்கும் நிரலிடம், கொடுக்கும். டிரைவர் அதை வன்பொருளுக்கு அனுப்பும். பதில் வராமலே போகலாம் என்பதால் ஒரு கெடு உண்டு. ஸ்கஸி, என்விஎம்இ என்ற இரண்டு வகை டிஸ்க்குகளுக்கும் இயல்பாக 30 விநாடி. அது தாண்டினால் டைம்அவுட் பகுதி தலையிடும்.

கெடு எப்போதிலிருந்து ஓடுகிறது? வன்பொருளுக்கு அனுப்புவதற்குச் சற்று முன்பே, டிரைவர் “தொடங்கியாயிற்று” என்று குறித்துவிடுகிறது. அனுப்பிய பிறகு குறித்தால், குறிப்பதற்குள் பதிலே வந்துவிடலாம். குறிப்பதற்கும் அனுப்புவதற்கும் நடுவே சில வரி நிரல்தான். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது.

விர்ச்சுவல் மெஷினில் கதை வேறு. அங்கே சிபியு என்பது ஹோஸ்ட் எனப்படும் உண்மையான கணினியில் ஓடும் பல வேலைகளில் ஒன்று, ஒரு த்ரெட். ஹோஸ்ட் அதை அந்தச் சில வரிகளுக்கு நடுவே ஓரங்கட்டிவிட்டால், அது அங்கேயே உறைந்து நிற்கும். கடிகாரம் நிற்காது. இன்னொரு சிபியுவில் ஓடும் டைம்அவுட் பகுதி வந்து பார்க்கிறது: ரிக்வெஸ்ட் தொடங்கியிருக்கிறது, கெடு முடிந்திருக்கிறது. மறுபடி வரிசையில் போட்டுவிடுகிறது. அப்போது உறைந்த சிபியு விழித்து, விட்ட வரியிலிருந்து தொடர்கிறது. ஒரே ரிக்வெஸ்ட் இரண்டு முறை டிரைவருக்குள் போகிறது. பேனிக்.

கெர்னல் நிரலாளர் டேவிட் ஜெஃப்ரி இதைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு டிரைவராகத் திருத்தப் போனால் முடிகிற காரியமில்லை. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடும்படி ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் பூட்டுப் போட்டால், விநாடிக்கு லட்சக்கணக்கில் வேலை பார்க்கும் எஸ்எஸ்டி திணறும். அவரும் இன்னொரு கெர்னல் நிரலாளரான மிங் லெய்யும் கைவைத்தது 2002-இலேயே கெர்னலுக்குள் வந்துவிட்ட ஆர்சியு என்ற உத்தியில்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். “இந்த நொடியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் எழுந்ததும் சொல்” என்று ஒருவர் கேட்கிறார். புதிதாக வந்து உட்காருகிறவர்களைத் தடுப்பதில்லை, அவர்கள் எழும்வரை காத்திருப்பதும் இல்லை. ஆர்சியு செய்வது இதுதான். சாப்பிடுகிறவருக்கு ஏறக்குறைய எந்தச் செலவும் இல்லை. காத்திருக்கும் சுமை முழுவதும் கேட்டவருக்கே.

டிரைவரிடம் ரிக்வெஸ்ட்டைக் கொடுக்கும் வேலை ஏற்கெனவே அப்படியொரு பந்திக்குள்தான் நடந்துகொண்டிருந்தது! ஆகவே டைம்அவுட் பகுதி இப்போது இரண்டு சுற்று போகிறது. முதல் சுற்றில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, கெடு தாண்டியது ஏதாவது உண்டா என்று மட்டும் பார்க்கிறது. இருந்தால், உள்ளே இருப்பவர்கள் எழும்வரை காத்திருக்கிறது. பிறகுதான் இரண்டாம் சுற்றில் கைவைக்கிறது. அப்போதும் ஒப்பிடுவது முதலில் குறித்த நேரத்தோடுதான். காத்திருந்த வேளையில் கெடு முடிந்தவை இந்தச் சுற்றில் சிக்காது. உறைந்து விழித்த சிபியுவின் ரிக்வெஸ்ட் இப்போதும் கெடு தாண்டியதுதான். ஆனால் அதை அனுப்பும் வேலை நடுவழியில் நிற்கவில்லை. அனுப்பி முடித்த ஒன்றை ரத்துசெய்ய டிரைவருக்குத் தெரியும்.

நம் கல்லூரிகளில், வேலைகள் ஒன்றுக்கொன்று காத்திருந்து எல்லாமே நின்றுபோகும் டெட்லாக்கின் நான்கு நிபந்தனைகளைப் பரீட்சைக்கு எழுத வைக்கிறோம். ஒரு மாணவி ஆறு மாதம் உட்கார்ந்து இப்படி ஒரே ஒரு பிழையைத் துரத்த உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணம் தெரியாத பேனிக்குக்கு “நேரம் சரியில்லை” என்று சொல்லி ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

எந்த ரிக்வெஸ்ட்டும் கெடு தாண்டாத நாளில் அந்த இரண்டாம் சுற்று நடப்பதே இல்லை.