ஊட்டிக் குளிரைப் பார்த்தவர்களுக்குப் பனிச்சரிவு தெரிந்துவிடாது

டிசம்பர் பிறந்துவிட்டால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பிள்ளைகளிடமிருந்து சாமான் பட்டியல் வர ஆரம்பித்துவிடும். "குல்மார்க் போறோம், ஸ்ப்ளிட்போர்டு வாடகைக்குப் பேசியாச்சு, இது போதுமாண்ணா?" குல்மார்க் காஷ்மீரில் இருக்கும் பனிச்சறுக்கு ஊர். ஸ்ப்ளிட்போர்டு என்பது இரண்டாகப் பிரித்து மாட்டி மலையேறி, உச்சியில் ஒன்றாகச் சேர்த்து இறங்குகிற ஸ்னோபோர்டு. பட்டியலில் ஜாக்கெட் இருக்கும், ஹெல்மெட்டில் மாட்டும் கேமராவும் இருக்கும். பனியில் புதைந்தவரைச் சிக்னல் வைத்துத் தேடும் பீக்கன் இருக்காது, பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பான ப்ரோப் இருக்காது, தோண்டியெடுக்கும் ஷவல் இருக்காது. ஏன் என்று கேட்டால் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதில்: "நாங்க ஊட்டிக்காரங்கண்ணா, குளிர் எங்களுக்குப் புதுசா?"

குளிரைப் பற்றி யார் கேட்டார்கள்? குல்மார்க்கின் கேபிள் காரான கோண்டோலாவின் எல்லையைத் தாண்டி, சறுக்குத்தள ரோந்துப் படையினர் பார்த்துச் சீர்செய்யாத பனியில் ஏறி இறங்கும்போது முதலில் பயப்பட வேண்டியது பனிச்சரிவுக்கு. அதற்கு நீங்கள் எந்த ஊர்க்காரர் என்பது தெரியாது.

ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் ஜனவரி விடியலில் புல்லின்மேல் வெள்ளையாகப் படிவது உறைபனி. வெயில் ஏறினால் காணாமல் போய்விடும். குல்மார்க்கின் அபர்வத் மலையில் கிடப்பது பருவம் முழுக்க அடுக்கடுக்காக விழுந்த பனி. நம் புல்லில் படிகிற அதே உறைபனி, அங்கே மேகமில்லாத இரவில் பனிப்பரப்பின்மேல் இறகு இறகாக முளைக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். மறுநாள் அதன்மேல் புதுப்பனி கொட்டி மூடிவிட்டால், உள்ளே ஒரு பிடிப்பில்லாத அடுக்கு உட்கார்ந்துகொள்கிறது. மேலே எவ்வளவு கெட்டியாகத் தெரிந்தாலும் சரி, ஓர் ஆளின் எடை சரியான இடத்தில் அழுத்தினால் மேலே உள்ள மொத்தப் பனியும் ஒரு பலகைபோல உடைந்து வழுக்கிக்கொண்டு போகும். பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தாங்களோ தங்கள் குழுவோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்குகிறார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத்தில் சரிந்த பனியில் போலந்து நாட்டுச் சறுக்கு வீரர்கள் இருவர் இறந்தார்கள். குளிர்நாட்டிலிருந்து வந்தவர்கள்தான் அவர்களும்.

இப்படிப் பலகையாக உடைகிற பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. 30-க்குக் கீழே, தலைக்கு மேல் செங்குத்துச் சரிவு எதுவும் இல்லாத இடமாகப் பார்த்துப் போவதுதான் தொடக்கக்காரர்களுக்கு விதி. இந்தச் சாய்வைக் கண்ணால் அளக்கிற பழக்கத்தை இங்கேயே பிடிக்கலாம். தெரிந்தவர்களின் தேயிலைத் தோட்டத்தில் சரிவோடு ஒட்டி ஒரு கம்பை வையுங்கள், அதன்மேல் போனை வைத்துச் சாய்வுமானி செயலியைத் திறங்கள். முதலில் மனதுக்குள் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு அப்புறம் அளவைப் பாருங்கள். முதல் சில முறை 25 டிகிரியை 40 என்று சொல்வீர்கள். பத்துப் பதினைந்து சரிவுகளை அளந்தபின் கண் திருந்தும். அனுமதி வாங்காமல் வனத்துறைப் புல்வெளிக்குள் இதற்காகப் போகாதீர்கள்.

பீக்கன் பயிற்சிக்கும் பனி வேண்டாம். இது பலருக்குத் தெரிவதே இல்லை. எல்லா பீக்கன்களும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசுகின்றன. ஒன்றை அனுப்பும் நிலையில் வைத்து, துணிப்பையில் கட்டி, மைதானத்தில் சருகுக்கு அடியில் ஒளித்துவையுங்கள். இன்னொருவர் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு தேட வேண்டும். தூரத்தில் ஓடலாம். திரையில் தூரம் காட்டும் மீட்டர் எண் 10-க்குக் கீழே வந்ததும் நடையைக் குறைத்து, 3-க்கு வந்ததும் கருவியைத் தரையோடு ஒட்டிப் பிடித்து, திருப்பாமல் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகர்த்தி, மிகக் குறைந்த எண் வரும் இடத்தைப் பிடியுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து 25 செ.மீ. இடைவெளியில் சுற்றிச் சுற்றிப் ப்ரோப் குத்த வேண்டும், பனிப்பரப்புக்குச் செங்குத்தாக. தட்டுப்பட்டால் ப்ரோப்பை உருவாதீர்கள். அதன் கீழ்ச்சரிவுப் பக்கம், ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நின்று தோண்டத் தொடங்குங்கள். நேர் மேலே நின்று தோண்டினால் புதைந்தவரின் மூச்சுக்கான இடத்தை நீங்களே மிதித்து அடைப்பீர்கள்.

புதைந்தவருக்கு இருப்பது முதல் 10, 15 நிமிடம். அதற்குப்பின் பிழைக்கும் வாய்ப்பு சடசடவென்று விழுகிறது. கீழேயிருந்து மீட்புக்குழு வந்து சேர்வதற்குள் இந்த நேரம் ஓடிவிடும். கூட வந்தவர்தான் எடுத்தாக வேண்டும். அதனால் குழுவில் ஒருவரிடம் மட்டும் பீக்கன் இருந்து பயனில்லை, மூன்று சாமானும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய அனலாக் பீக்கனை வாங்காதீர்கள், மூன்று ஆன்டெனா உள்ள டிஜிட்டலே வாங்குங்கள். போனைப் பீக்கனிலிருந்து 20 செ.மீ. தள்ளியும், தேடும்போது அரை மீட்டர் தள்ளியும் வைக்க வேண்டும். ஷவல் உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் ஷவல், சரிந்து இறுகிய பனியில் உடைந்துபோகும்.

சறுக்குப் பலகைக்கு வருவோம். ஸ்னோபோர்டே ஓட்டத் தெரியாதவர் ஸ்ப்ளிட்போர்டில் தொடங்கக் கூடாது. கோண்டோலா பக்கம் எந்தப் பனியிலும் விழாமல் இறங்குகிற அளவு வந்தபின்தான் நீளவாக்கில் பிரிகிற பலகையைத் தொட வேண்டும். இரண்டு பாதிகளை ஒற்றைப் பலகையாக மாற்றும் வேலையை வீட்டு முற்றத்திலேயே கையுறை போட்டுக்கொண்டு பழகுங்கள். உச்சியில் சமமான இடத்தில் நின்று, ஒவ்வொரு காலாகத்தான் கழற்ற வேண்டும். கழற்றிய பாதியைக் குத்தி நிறுத்துங்கள். ஒரு பாதி நழுவிப் போய்விட்டால் தொடையளவு பனியில் நடந்துதான் இறங்க வேண்டும். ஏறும்போது பின்னால் வழுக்காமலிருக்கப் பலகையின் அடியில் ஒட்டுகிற பட்டையான ஸ்கின்னை உரித்து, பசைப்பக்கம் பசைப்பக்கத்தோடு மடித்து ஜாக்கெட்டுக்குள் வையுங்கள். பசையில் பனி ஒட்டினால் அடுத்த ஏற்றத்தில் அது பலகையில் நிற்காது. பிறகு பூட்ஸைப் பிடிக்கும் பைண்டிங் ஏறி உட்காரும் குமிழ்களான பக்குகளிலும், பாதிகளைச் சேர்க்கும் கொக்கிகளிலும் உறைந்திருக்கும் பனியைச் சுரண்டுங்கள். "பைண்டிங் ஏறவே மாட்டேங்குது" என்று திட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் செய்யாதவர்கள்தான். இரண்டு மூன்று ரப்பர் பட்டை, ஒரு சுரண்டி, கொஞ்சம் டக்ட் டேப் பையில் எப்போதும் கிடக்கட்டும். இன்னொன்று, ஸ்ப்ளிட்போர்டு பைண்டிங் பனிச்சரிவில் தானாகக் கழன்றுகொள்ளாது. பலகை உங்களை உள்ளே இழுக்கும் நங்கூரமாகிவிடும்.

மேலே ஏறும்போது வியர்க்கும். பருத்திச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் என்ற நம் வழக்கம் அங்கே ஆபத்து. நனைந்த பருத்தி காயாது, நின்றதும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ போட்டு, லேசாகக் குளிர்கிற நிலையிலேயே ஏறத் தொடங்குங்கள். உயரமும் கவனம். ஊட்டி 2,240 மீட்டர், கோண்டோலாவின் மேல் நிலையம் கிட்டத்தட்ட 3,980 மீட்டர். தலைவலியும் குமட்டலும் வந்தால் இறங்கிவிடுங்கள், தம்பிகளா.

போகுமுன் பனிச்சரிவை ஆராயும் பாதுகாப்புத் துறை நிறுவனமான டி.ஜி.ஆர்.இ. வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பாருங்கள். வெளிமாநிலப் ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாத சாட்டிலைட் போனும் சாட்டிலைட் மெசேஜ் கருவியும் நம் நாட்டில் சட்டவிரோதம், வெளிநாட்டு நண்பர் இரவல் தந்தாலும் வாங்காதீர்கள். மூன்று நாள் பனிச்சரிவுப் பயிற்சி முடிக்காமல், அந்தப் பகுதியை அறிந்த வழிகாட்டி இல்லாமல் எல்லைக்கு வெளியே போகவே வேண்டாம். இந்த வருடம் இரண்டுக்கும் பணம் போதவில்லை என்றால், சாதாரண ஸ்னோபோர்டை வாடகைக்கு எடுத்து எல்லைக்குள்ளேயே ஓட்டிவிட்டு வாருங்கள்.