போத்தலில் இல்லாத கொலஸ்ரரோல் குருதிக்குள் வந்தது எப்படி?

கோண்டாவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "தேங்காயெண்ணெய்ப் போத்தலில் 'கொலஸ்ரரோல் அற்றது' என்று அச்சிட்டிருக்கிறார்கள். பிறகு ஏன் வைத்தியர் எனக்குச் சொதியையும் பால்கறியையும் குறைக்கச் சொல்கிறார்?" அவருடைய பரிசோதனை அறிக்கையில் மொத்தக் கொலஸ்ரரோல் 240, 'நல்ல கொலஸ்ரரோல்' எனப்படும் எச்.டி.எல். 45, குருதியிலுள்ள இன்னொரு கொழுப்பான திரைகிளிசரைட்டு 150, 'கெட்ட கொலஸ்ரரோல்' எனப்படும் எல்.டி.எல். 165 (எல்லாம் டெசிலீற்றருக்கு மில்லிகிராமில்) என்று இருக்கிறது.

அந்த 165 பெரும்பாலும் நேரே அளந்து பெறப்படுவதில்லை. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்லையும் திரைகிளிசரைட்டின் ஐந்திலொரு பங்கையும் கழித்தால் வந்துவிடும்: 240 - 45 - 30. 1972இல் வெளியான சூத்திரம் இது. திரைகிளிசரைட்டு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்குப் பொய்க்கும். உணவுக்குப் பின் அது ஏறும் என்பதால்தான் வெறும் வயிற்றுடன் வரச் சொல்வது வழக்கமாயிற்று.

இனி ஆசிரியையின் கேள்விக்கு வருவோம். போத்தலும் பொய் சொல்லவில்லை, வைத்தியரும் பொய் சொல்லவில்லை. குருதியிலுள்ள கொலஸ்ரரோலில் பெரும்பங்கை நம் உடலே ஆக்குகிறது. அது நீரில் கரையாது. ஆகையால் புரதம் சுற்றிய துணிக்கைகளாகவே குருதியில் மிதந்து செல்கிறது. எல்.டி.எல். அத்தகைய துணிக்கை. அதைக் குருதியிலிருந்து அகற்றும் வேலையின் பெரும்பகுதி ஈரலுடையது.

ஈரற் கலத்தின் மேற்பரப்பில் 'வாங்கி' எனப்படும் புரதங்கள் நிற்கின்றன. எல்.டி.எல். துணிக்கை வந்து வாங்கியில் ஒட்டியதும் அந்த இடம் குழிந்து, சிறு பையாகக் கலத்துக்குள் இறங்குகிறது. உள்ளே அமிலத்தன்மை கூடுகிறது. வாங்கி தன் பிடியை விடுகிறது. துணிக்கை உடைக்கப்பட, வாங்கி மட்டும் மேற்பரப்புக்குத் திரும்பி வந்து அடுத்ததைப் பிடிக்கிறது. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் படகைப் போல, ஆட்களை இறக்கிவிட்டு வெறுமையாய்த் திரும்பி மறுபடி ஏற்றிக்கொள்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 10 நிமிடம். ஏறத்தாழ 20 மணிநேர வாழ்நாளில் நூறு தடவைக்கு மேல் போய்வரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதம் இவ்வளவு உழைக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

தேங்காயெண்ணெயின் கொழுப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் 'நிரம்பிய கொழுப்பு' (saturated fat) எனப்படும் வகை. அது மிகும்போது ஈரலில் இந்த வாங்கிகளின் செயற்பாடு குறைகிறது. படகு குறைந்தால் துறையில் கூட்டம் சேரும், எல்.டி.எல். குருதியிலேயே சுற்றிக்கொண்டிருந்து, குருதிக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து படிகிறது. இப்படித்தான், கொலஸ்ரரோலே இல்லாத எண்ணெய் கொலஸ்ரரோலைக் கூட்டுகிறது.

கொலஸ்ரரோலைக் குறைக்க வைத்தியர்கள் தரும் ஸ்ரற்றின் குளுசை இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஈரற் கலம் தானே கொலஸ்ரரோல் ஆக்குவதைத் தடுக்கிறது. தட்டுப்பாட்டை உணர்ந்த கலம் கூடுதல் வாங்கிகளைக் கட்டி, குருதியிலிருந்து இழுத்துக்கொள்கிறது. "அளவு இறங்கிவிட்டது, இனிக் குளுசை வேண்டாம்" என்று தாமாகவே நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. குளுசை நின்றால் வாங்கிகள் குறையும், எல்.டி.எல். பழையபடி ஏறும். உள்ளிச் சாறு அடைப்பைக் கரைத்துவிடும் என்று நம்பிக் குளுசையைக் கைவிடுவது இன்னும் கொடுமை. உள்ளி நல்ல கறிச்சரக்கு; அந்த வேலையை அது செய்யாது.

இந்த வாங்கியைக் கண்டறிந்தவர்கள் அமெரிக்காவின் டலஸ் நகரில் பணியாற்றிய பிறவுனும் கோல்ட்ஸ்ரீனும். 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். பிள்ளைப் பருவத்திலேயே மாரடைப்பைக் கொண்டுவரும், மிக அரிதான ஒரு பரம்பரை நோயைத்தான் அவர்கள் ஆராய்ந்தார்கள். நோயாளிகளின் தோற்கலங்களில் வாங்கி வேலை செய்யாதிருந்ததைக் கண்டார்கள். "விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளுக்காக இவ்வளவு பணமா?" என்று கேட்டு ஆராய்ச்சி நிதியை வெட்டுகிறவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

அந்த நோயின் மென்மையான வடிவம் உலகில் ஏறத்தாழ 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இருக்கிறது. தகப்பனுக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்திருந்தால், ஆசிரியை தன் பிள்ளைகளையும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.