கூரையை முதலில் பாருங்கள்: பழைய கன்வெர்டிபிள் கார் வாங்க நினைப்பவர்களுக்கு

கூரை மடியும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை விலை பேசியிருக்கிறேன், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று யாரேனும் என்னிடம் வந்தால், அது எந்த ஆண்டு வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விசாரிப்பதற்கு முன்பாக, அதை இரவில் எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன். எஞ்சினைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் பேச ஆசையோடு வந்தவருக்கு இந்தக் கேள்வி சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பக்கம் தென்காசி, செங்கோட்டை, புளியரை, மலை தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மோட்டார் காப்பீட்டு சர்வேயராக, அதாவது சேதத்தை மதிப்பிட்டு அறிக்கை தருபவனாக, வண்டிகளைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில், இவ்வகைக் கார்களைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான் என்று உறுதியாகச் சொல்வேன். ஜூனில் தொடங்கினால் கணவாய் வழியாக வரும் சாரல் எங்களூரில் நாள்கணக்கில் நிற்பதில்லை. அது ஓய்ந்து வெயில் முகம் காட்டுவதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். வருடத்தில் இரண்டு மழைக்காலம் காணும் ஊரில் கன்வெர்டிபிள் வாங்குகிறவர், அந்த வண்டியின் கூரையைப் பற்றி எஞ்சினைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டும்.

இந்தக் கோடையில் கடையநல்லூரைச் சேர்ந்த தம்பி ஒருவர் என்னை அழைத்துக்கொண்டு மலை தாண்டினார். அவர் வளைகுடாவில் வேலை பார்ப்பவர். நாற்பது நாள் விடுமுறையில் வந்திருந்தார். கொல்லத்தில் ஒருவரிடம் இருந்த, பதின்மூன்று வயதான, இரண்டே இருக்கைகள் கொண்ட ஐரோப்பிய வண்டி அது. புதிய குடும்பக் கார் ஒன்றின் விலைக்குப் பேச்சு முடிந்திருந்தது. "முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல அண்ணாச்சி, பெயின்ட் பாருங்க, புதுசு மாதிரி இருக்கு" என்றார். பெயின்ட் உண்மையாகவே நன்றாக இருந்தது. கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கு காய்ந்தது போன்ற ஒரு வாடை வந்தது. காலடிக் கம்பளத்தின் மேற்பரப்பு காய்ந்திருந்தாலும், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கட்டைவிரலால் அழுத்தியபோது அடியிலிருந்த பஞ்சு ஈரமாக இருந்தது. இருக்கை ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு ஏறியிருந்தது.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்பது புரிந்தால், இவ்வகை வண்டியில் பாதி விஷயம் புரிந்துவிடும். சாதாரணக் காரின் கூரை தண்ணீரை முழுவதுமாக வெளியே நிறுத்திவிடும். மடியும் கூரை அப்படி வடிவமைக்கப்படவில்லை. ரப்பர் பட்டையைத் தாண்டி உள்ளே கசியும் நீரைக் கூரையின் அடியோரத்திலுள்ள வாய்க்கால் பிடித்து, சிறு குழாய்கள் வழியாகப் பின்சக்கரத்தின் அருகே தரையில் விட்டுவிடும். புளிய மரத்தடியிலோ வேப்ப மரத்தடியிலோ வண்டி நின்றால், உதிரும் சிற்றிலைகளும் பூவும் அந்தக் குழாய்களுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு பெய்கிற மழையெல்லாம் இருக்கைக்குப் பின்னால் தேங்கி, கம்பளத்துக்கு அடியில் இறங்கும். தடித்த பஞ்சு மாதக்கணக்கில் காயாது. பல வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் அந்தத் தாழ்ந்த இடத்தில்தான் இருக்கின்றன. 1996 முதல் 2004 வரை வந்த முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டரில் திருட்டுத் தடுப்புப் பெட்டி இருக்கைக்கு அடியில் இருக்கும். அது நனைந்தால் வண்டி தன் சாவியையே அடையாளம் காணாமல் நின்றுவிடும். 2002 முதல் 2008 வரை தயாரான முதல் தலைமுறை பி.எம்.டபிள்யூ. இசட்4 வண்டியில், எண்ணெய் அழுத்தத்தால் கூரையை இயக்கும் ஹைட்ராலிக் பம்ப்பின் மோட்டாரே நீர் வடியும் பள்ளத்தை ஒட்டிப் பொருத்தப்பட்டிருக்கும். குழாய் அடைத்தால் மோட்டார் தண்ணீரில் ஊறிக் கெட்டுப்போகும். ஒரு பிடி சருகு, மிகப் பெரிய செலவில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. கூரையைப் பாதி திறந்த நிலையில், அதன் பின்மூலை வாய்க்காலில் ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் அது வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். இரண்டு பக்கமும் சொட்ட வேண்டும். கொல்லத்து வண்டியில் வலப்பக்கம் சொட்டியது, இடப்பக்கம் சொட்டவில்லை.

அடுத்து கூரையின் இயக்கம். ஒருமுறை திறந்து மூடிக் காட்டுவது போதாது. எஞ்சினை ஓடவிட்டு, தொடர்ந்து நான்கைந்து முறை திறந்து மூடச் சொல்லி, முதல் முறை எடுத்துக்கொண்ட நேரத்தையும் கடைசி முறை எடுத்துக்கொண்ட நேரத்தையும் கைப்பேசியில் அளந்து பாருங்கள். நேரம் கூடிக்கொண்டே போனாலோ, பம்ப்பின் ஓசை முக்கி முனகுவதாக மாறினாலோ, கூரை ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாலோ, ஹைட்ராலிக் அமைப்பில் குறை இருக்கிறது என்று பொருள். மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. போலவும், 2009இல் வந்த இரண்டாம் தலைமுறை இசட்4 போலவும் உலோகக் கூரை டிக்கிக்குள் மடியும் வண்டிகளில், டிக்கியின் ஓரங்களிலும் முன்கண்ணாடிச் சட்டத்தின் மேற்பகுதியிலும் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணிக் கூரை என்றால் உள்ளே உட்கார்ந்து கதவை மூடிக்கொண்டு, உச்சி வெயிலில் மேலே பாருங்கள். மடிப்பு விழும் இடங்களிலும் தையல் ஓரங்களிலும் ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால், அந்தத் துணி விரைவில் மாற்ற வேண்டியது. "பேட்டரி டவுன், அதனால்தான் கூரை திறக்கவில்லை" என்று விற்பவர் சொன்னால், பேட்டரியை சார்ஜ் செய்து வையுங்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள். பார்க்கும் நாளில் இயங்காத கூரை, விலை பேசும்போது இல்லாத கூரைக்குச் சமம்.

கூரை இல்லாததால் ஏற்படும் இன்னொரு மாற்றமும் உண்டு. சாதாரணக் காரில் மோதலையும் முறுக்கலையும் தாங்குவதில் கூரைக்கும் தூண்களுக்கும் பெரும் பங்கு இருக்கிறது. கன்வெர்டிபிளில் அந்தச் சுமை முழுவதும் கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டங்களுக்கும் தரைத் தகட்டுக்கும் வந்து சேர்கிறது. எனவே, வேறொரு காரில் சிறு குறையாக விட்டுவிடக்கூடிய துரு, இங்கே வண்டியின் முதுகெலும்பைத் தொட்டுவிடும். கடலோரக் காற்றில் வளர்ந்த வண்டிகளில் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும். ஜாக்கி வைக்க வேண்டிய இடத்தில் வைத்து ஒரு மூலையை மட்டும் உயர்த்திவிட்டு, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இடித்தாலோ பூட்டில் சரியாக உட்காராமல் போனாலோ, உடல் தளர்ந்திருக்கிறது, அல்லது அடிபட்டுப் பட்டறையில் இழுத்துச் சரிசெய்யப்பட்டிருக்கிறது. பெயின்டுக்கு அடியில் பட்டி பூசியிருக்கிறார்களா என்று காந்தம் வைத்துப் பார்ப்பது நல்ல வழக்கம்தான். இவ்வகை வண்டிகளில் சில பாகங்கள் அலுமினியமாக இருப்பதால், அங்கே காந்தம் ஒட்டாததை மட்டும் குற்றமாகக் கொள்ளக்கூடாது.

வெள்ளம் பார்த்த வண்டியா என்பதையும் இந்த இடத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் கேரளத்தில் ஏராளமான கார்கள் மூழ்கின. காப்பீட்டு நிறுவனம் முழு இழப்பு என்று தீர்த்த வண்டிகளின் மிச்சம் ஏலத்தில் விற்கப்படுவது இத்தொழிலில் வழக்கம். அவற்றில் சில கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் சந்தைக்கு வருகின்றன. இருக்கைப் பட்டையை முடிவு வரை இழுத்துப் பாருங்கள். சுருளின் அடியில் இருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை, வண்டல் கறை அங்கேதான் தங்கும். பழைய காப்பீட்டுப் பாலிசியில் என்னென்ன இழப்பீடு கோரப்பட்டது என்ற விவரத்தை விற்பவர் தன் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு வாங்கலாம். தயங்குபவரிடம் நானும் தயங்குவேன்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அந்தந்த மாதிரிக்கு அறியப்பட்ட நோய்கள் உண்டு. 2008 வரையிலான பாக்ஸ்டர் எஞ்சின்களில் உள்ளே சுழலும் இடைத்தண்டு என்ற துணைத் தண்டின் பேரிங் உடைந்தால் எஞ்சின் முழுவதும் போய்விடும். 2009 முதல் வந்த புதிய எஞ்சினில் அந்தத் தண்டே இல்லை. குறைவாக ஓடியது என்பதை நல்ல செய்தியாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நின்றே வயதான வண்டியில் ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கும், பெட்ரோல் பழசாகியிருக்கும், டயர் கல்லாகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் அதன் பிறந்தநாள். 3214 என்றால் 2014ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். பல ரோட்ஸ்டர்களில், அதாவது இரண்டு இருக்கைத் திறந்த கார்களில், ஸ்டெப்னியே கிடையாது என்பதையும், புளியரை எஸ் வளைவில் இரவில் டயர் போனால் என்ன செய்வோம் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி ஆவணங்கள். எல்லை ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கே.எல். எண் கொண்ட கேரளப் பதிவு வண்டியை வாங்கித் தமிழ்நாட்டில் வைத்துக்கொள்வதாக இருந்தால், பதிவு செய்த அலுவலகத்தில் படிவம் 28 வழியாக ஆட்சேபணையின்மைச் சான்று, அதாவது என்.ஓ.சி., பெற வேண்டும்; வண்டியின் மேல் கடன் பதிவாகியிருந்தால் படிவம் 35 வழியாக அந்தப் பதிவை நீக்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே புதிய எண் பெற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு. இங்கே கட்ட வேண்டிய வரியைப் பேசிய விலையோடு கூட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 15 ஆண்டு முடிந்த வண்டியின் பதிவைப் புதுப்பிக்க, இறக்குமதி வண்டி என்று பதிவாகியிருந்தால் கட்டணம் 40,000 ரூபாய். 20 ஆண்டைத் தாண்டினால், 2025 ஆகஸ்ட் திருத்தத்தின்படி 80,000 ரூபாய்.

விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், வண்டி எந்த வழியாக நாட்டுக்குள் வந்தது என்று கேளுங்கள். சொகுசுக் கார்களைப் பொய் முகவரியில் புதுச்சேரியில் பதிந்து வரி ஏய்த்ததாகக் கேரளத்தில் 2017இல் வழக்குகள் எழுந்தன. 2025 செப்டம்பரில், பூட்டான் வழியாகக் கடத்தி வரப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட வண்டிகளைத் தேடிச் சுங்கத்துறை கேரளம் முழுவதும் சோதனை நடத்தியது. இவ்வாறான வண்டியை வாங்கியவர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும், வண்டி கையை விட்டுப் போகலாம். பட்டறையில் கூரையை அறுத்துத் திறந்த வண்டியாக்கியவையும் சந்தையில் உண்டு. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைவிட முக்கியமாக, அறுத்த வண்டியில் மேலே சொன்ன வலுவான பக்கச் சட்டம் இருக்காது. அதில் உங்கள் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

காப்பீடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையோடு வருகிறவர்களுக்கு, என் அறிக்கையில் நான் என்ன எழுத வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. தேய்மானமும் இயந்திர, மின் பழுதும் சாதாரண பாலிசியில் வராது. பம்ப் தானாக நின்றுபோனால் அது முழுவதும் உங்கள் செலவு. விபத்தில் உடைந்தால்கூட, ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டயருக்கும் பேட்டரிக்கும் 50 சதவீதத்தைக் கழித்துத்தான் கணக்கிட வேண்டும். உலோகப் பாகங்களுக்கு 5 ஆண்டைத் தாண்டிய வண்டியில் 40 சதவீதமும், 10 ஆண்டைத் தாண்டியதில் 50 சதவீதமும் கழியும். உரிமை மாறிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்பவரின் நோ கிளைம் போனஸ், அதாவது இழப்பீடு கோராததற்காக அவருக்குக் கிடைத்த பிரீமியத் தள்ளுபடி, உங்களுக்கு வராது.

கொல்லத்து வண்டியைப் பற்றித் தம்பியிடம் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கச் சட்டம் உறுதியாக இருந்தது, ஆவணங்கள் சுத்தமாக இருந்தன, கூரை ஐந்து முறையும் ஒரே நேரத்தில் மடிந்தது. ஆனால் நான்கு டயரும் பழையவை, இடப்பக்க வடிகால் அடைத்திருந்தது, ஈரம் எந்தப் பெட்டியைத் தொட்டிருக்கிறது என்பதைக் கம்பளத்தைப் பிரிக்காமல் சொல்ல முடியாது. கூடவே, அவர் வருடத்தில் நாற்பது நாள்தான் ஊரில் இருப்பார். மிச்ச நாளெல்லாம் வண்டி புளிய மரத்தடியில் தகரக் கொட்டகையில் நிற்கும். இதைக் கேட்டதும் அவருடைய வாப்பா, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நெல் குடோனைக் காலி செய்து தருவதாகவும், வாரம் ஒருமுறை தானே எடுத்து ஓட்டுவதாகவும் சொல்லிவிட்டார். முன்பணம் கொடுக்கப்படவில்லை. விற்பவர் வடிகாலைச் சுத்தம் செய்து கம்பளத்தைக் காயவைத்து, ஜூன் கடைசியில் மூன்று இரவுகள் வண்டியைத் திறந்த வெளியில் மழையில் நிறுத்த ஒப்புக்கொண்டிருக்கிறார். நான்காம் நாள் காலையில் போய், முதலில் அழுத்திய அதே இடத்தில் மீண்டும் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.