நாமினி: பெயர் குறிக்கப்பட்டவர் வாரிசு ஆவாரா?

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள், எனக்கு நெருங்கியவர்கள், ஆறு வருடமாகச் சேர்ந்து குடும்பம் நடத்துகிறார்கள். வீட்டுக்காரரிடம் அக்கா தங்கை என்று சொல்லித்தான் வாடகைக்கு வீடு கிடைத்தது. போன வருடம் மூத்தவள் வங்கிக் கணக்குத் தொடங்கும்போது நானும் கூடப் போனேன். நாமினி கட்டத்தில் இளையவள் பெயரை எழுதினாள். பக்கத்தில் ‘உறவு’ என்ற கட்டம். அங்கே பேனா நின்றுவிட்டது.

“இவங்க உங்களுக்கு என்னம்மா வேணும்?”

“சித்தி பொண்ணு, சார்.”

வெளியே வந்ததும், “அப்பாடா, எனக்கு ஒண்ணு ஆனாலும் பணம் இவளுக்குப் போயிடும்” என்றாள். அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனசே வரவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது.

நாமினி ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். அதன் வேர், ‘பெயர்’ என்று பொருள்படும் ‘நோமென்’ என்ற லத்தீன் சொல். வடமொழியின் ‘நாமம்’ அதற்குத் தூரத்துச் சொந்தம், தாய் அல்ல. பெயர் குறிக்கப்பட்டவர், அவ்வளவுதான் பொருள். நம் படிவங்களில் இதை ‘நியமனதாரர்’ என்று போடுவார்கள். வடமொழி நியமனத்தோடு பாரசீக ‘தார்’ ஒட்டிய சொல். அதிலாவது பொருள் கெடவில்லை. பேச்சில் பலர் ‘வாரிசுதாரர்’ என்கிறார்களே, சிக்கல் அங்கேதான். வாரிசு என்ற அரபுச் சொல்லுக்குச் சொத்தை உரிமையாகப் பெறுபவர் என்று பொருள். நாமினி அப்படி அல்ல. வங்கியிடமிருந்து பணத்தை வாங்கி, உரியவரிடம் சேர்க்க வேண்டிய கை. காப்பீட்டுப் பணத்துக்கும் இதே நிலைதான் என்று 1984-இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காப்பீட்டுச் சட்டத்தில் 2015-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் காப்பீட்டுப் பணம் அவர்களுக்கே சொந்தம். ஒரே பாலின இணையர் அந்தப் பட்டியலில் இல்லை.

திருமணமாகாத இந்துப் பெண், பிள்ளையும் உயிலும் இல்லாமல் இறந்தால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவள் சொத்து அம்மா அப்பாவுக்குப் போகும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழிலும் இணையர் பெயர் வராது. பி.எஃப். இன்னும் கறார்: நம்மை நம்பியிருக்கும் பெற்றோர் இருந்தால் வெளியாளை நாமினியாகப் போட்டாலே செல்லாது.

2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர மறுத்தது. 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம், இப்படிச் சேர்ந்து வாழ்பவர்கள் கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடவும் தடை இல்லை என்று தெளிவுபடுத்தியது. அன்றைக்கு ‘சித்தி பொண்ணு’ என்று பொய் சொல்லியிருக்கத் தேவையே இல்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமையத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்.

சரி, நாமினிக்கு என்ன சொல்லலாம்? ‘பெயர் குறிக்கப்பட்டவர்’ என்றே சொல்லலாம். நீளம்தான், ஆனால் யாரையும் ஏமாற்றாது.

பணம் உண்மையிலேயே இளையவளுக்குச் சேர வேண்டுமானால் உயில் வேண்டும். அதுவும் ‘வில்’ என்ற ஆங்கிலச் சொல்தான், தமிழில் விருப்ப ஆவணம். பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சி போதும். மூத்தவள் எழுதிய உயிலில் சாட்சியாக ஒரு கையெழுத்து நான் போட்டேன், இன்னொன்று அவளோடு வேலை பார்க்கும் ஒரு அக்கா. அந்தத் தாளில் உறவுக் கட்டம் இல்லை. இளையவள் பெயருக்கு முன்னால் ‘என் இணையர்’ என்று மூத்தவளே எழுதிக்கொண்டாள்.