‘துவூஷ்கா’ என்றால் வெறும் சில்லறை இல்லை

ரஷ்ய மொழியிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். தொடக்கத்தில் ஒரு சோவியத் காலச் சிறுகதையைச் செய்தேன். தெருவில் ஒருவன் முன்பின் தெரியாத பெண்ணிடம், “துவூஷ்கா இருக்கா?” என்று கேட்பான். “சில்லறை இருக்கா?” என்று எழுதினேன். அதைப் படித்த நண்பர், “பாவம், பிச்சை கேட்கிற நிலைமைக்கு வந்துட்டானே” என்றார். எனக்குத் திக்கென்றது. துவூஷ்கா என்பது 2 கோபெக் நாணயம். அன்றைய பொதுத் தொலைபேசியில் போடுகிற காசு. அவன் யாரையோ அவசரமாகக் கூப்பிட நிற்கிறான்.

100 கோபெக் ஒரு ரூபிள். அதனாலேயே ‘பைசா’ என்று எழுதிவிடத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம், பைசா என்றதும் வாசகர் மனம் நம்மூர்க் கடைக்கு வந்துவிடும். கோபெக்குக்குத் தனிக் கதை இருக்கிறது. ‘கோப்யோ’ என்றால் ஈட்டி. ரஷ்ய ஆட்சியாளர் நான்காம் இவான் சிறுவனாக இருந்தபோது, 1535-இல் அவன் தாய் எலேனா கிளின்ஸ்கயா நாணய முறையைச் சீர்திருத்தினார். அப்போது வந்த வெள்ளிக் காசில் ஈட்டி ஏந்திய குதிரைவீரன் இருந்தான். பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

அப்புறம் செல்லப் பெயர்கள். 5 கோபெக் ‘பியத்தாக்’. 1961-இலிருந்து முப்பது ஆண்டுகள் மாஸ்கோ மெட்ரோவில் ஒரு பயணத்துக்கு அந்த ஒரு காசு போதும். 10 கோபெக் ‘கிரீவென்னிக்’. 15 கோபெக்குக்கு ‘ஐந்து அல்தீன்’ என்று பொருள்படும் பெயர். அல்தீன் என்பது 3 கோபெக் மதிப்புள்ள பழைய காசு. அது வழக்கொழிந்த பிறகும் பெயர் நின்றது, அணா போன பின்னும் 25 பைசாவை நாம் நாலணா என்றே சொன்னதுபோல. கார்கள் ஓடும் காட்சியில் ‘கோபேய்க்கா’ (கோபெக்கின் ரஷ்ய வடிவம்) என்று வந்தால் இன்னும் கவனம் தேவை. அது பெரும்பாலும் காசே இல்லை, வாஸ்-2101 என்ற சோவியத் கார். எண் 01-இல், அதாவது ஒன்றில், முடிவதால் ஒரு கோபெக் என்று வந்த பெயர்.

‘கோபெக்குக்குக் கோபெக்’ என்ற வழக்குக்குக் ‘காசு பிசகாமல்’ என்றே எழுதலாம், அங்கே தொகை முக்கியமில்லை. ஆனால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் காசு போகும் இடத்தில் எண்ணையும் கோபெக்கையும் விடாதீர்கள். கதை நடக்கும் ஆண்டையும் பாருங்கள். 1961-இல் பத்துப் பழைய ரூபிள் ஒரு புதிய ரூபிள் ஆனது. அதற்கு முந்தைய விலையும் பிந்தைய விலையும் ஒன்றல்ல.

அந்தக் கதை மறுபதிப்பு வந்தபோது, “போன் பேச 2 கோபெக் இருக்கா?” என்று திருத்திக் கொடுத்தேன்.